இருவாச்சி மரத்துக் கை

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மஞ்சணாறு ஊரின் பறவை பார்க்கும் கூட்டம் சைக்கிள்களைக் காட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்ப் புதருக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தபோது, மலை இருவாச்சி ஒன்று இறக்கை இரையப் பறந்து வந்து, பெரிய குங்கிலிய மரத்தின் பொந்துக்கு முன்னால் தொற்றிக்கொண்டு, தொண்டைக்குள் சேர்த்து வைத்திருந்த அத்திப்பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்து நீட்ட, மண் பூசி அடைத்திருந்த அந்தப் பொந்தின் கீறல் வழியாக ஒரு பெண்ணின் கை வெளியே வந்து அதை வாங்கிக்கொண்டது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. வாங்கிய பழத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை லேசாகத் தூக்கி எடை பார்த்துவிட்டு உள்ளே போனது. இருவாச்சி அடுத்த பழத்தை எடுத்தது, கை மறுபடியும் வந்தது.

"கை ரொம்ப வெளிறிக் கெடக்கு," என்றாள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் டெய்சி, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல். "நகத்தைப் பாருங்க. இரும்புச்சத்து மாத்திரை குடுக்கணும்."

"மெதுவாப் பேசும்மா, பறவை போயிரும்," என்றார் தையல்கடை மீரான்.

அவர்களுக்குப் பின்னால் குற்றாலிங்கம் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டுக்கு மேலே தோசைக்கல் சுட்ட தழும்பை அவர் பார்த்துவிட்டார். எதைக் கொடுத்தாலும் ஒரு தரம் தூக்கிப் பார்த்து வாங்குகிற அந்தப் பழக்கத்தையும் பார்த்துவிட்டார். அது அவருடைய மனைவியின் கை.

குற்றாலிங்கம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். ஏதாவது ஒரு பாலத்தடியில் நின்று பஸ்ஸை மறித்து ஏறுவார், ஏறியதும் முதலில் டிக்கெட்டைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடித்துவிடுவார் என்று பேர். அந்தப் பேர் பரவிய பிறகு டிக்கெட் எடுத்தவனுக்கும் அவரைக் கண்டால் கை நடுங்கும், நடுங்குகிற கையைப் பார்த்து அவர் அந்த டிக்கெட்டை இன்னொரு தரம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். நல்ல வேலைக்காரர்தான். வேலையைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டத் தெரியாததுதான் குறை.

அவர் மனைவியின் பேர் குழல்வாய்மொழி, கூப்பிடுவது குழலி. குற்றாலத்துச் சாமி பேரும் அம்மன் பேரும் ஒரே வீட்டில் வாய்த்துவிட்டதைக் கல்யாணத்தன்று ஊரே சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டது, சாமியே தேடி வந்து பெண் எடுத்தது போல என்றது. சாமி வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்ப்பது அடுப்படியில் எத்தனை டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது என்பதை என்று அம்மனுக்கு மட்டும்தான் தெரியும். யார் வந்தா, எங்க போன, கடைக்குப் போய்வர இவ்வளவு நேரமா, பஸ்ஸில் போனேன் என்றால் டிக்கெட் எங்கே. அவள் டிக்கெட்டை முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள், அவர் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார், அவள் அதை ஒரு டப்பாவில் போட்டு வைப்பாள். அடித்ததில்லை, வைததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் மீரான் கடைச் சுவரிலிருந்த பறவைப் படத்தைக் கண்டு குழலிக்கு அந்தக் கூட்டத்தோடு போக ஆசை வந்தது. வேண்டாமென்றால் ஊர் தப்பாக நினைக்கும் என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றாலிங்கம் சம்மதித்தார். அவள் திரும்பி வந்ததும் சைக்கிள் டயரில் ஒட்டியிருக்கிற மண்ணை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். சிவப்பு மண் என்றால் காடு, கரிசல் என்றால் குளத்துப் பக்கம். ஒரு நாள் ரெண்டும் கலந்திருந்தது. மழைக்குப் பாதை மாறி வந்தோம் என்று அவள் சொன்னதை அவர் அன்று ராத்திரி முழுக்க மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனவள் திரும்பவில்லை. அவளுடைய சைக்கிள் மட்டும் வனத்துறை கேட் பக்கத்தில், மணிக்குத் துணி சுற்றியபடி, பூட்டாமல் நின்றது. இன்னும் ஒரு பறவையைப் பார்த்துவிட்டு வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்று சொன்னாளாம். போலீஸ் தேடியது, வனத்துறை தேடியது, கிணறுகளில் பாதாளக்கரண்டி போட்டார்கள். குற்றாலிங்கம் தேடவில்லை. அவர் முகங்களைப் பார்த்தார், பார்த்து முடித்துவிட்டு, பறவை பார்க்கும் கூட்டத்தில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

அப்படித்தான் அந்த மாசி ஞாயிற்றுக்கிழமை அவர் அவர்களோடு வந்தது. வரும்போது தன் சைக்கிளின் ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் வட்டக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார், பின்னால் வருகிறவர்களின் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக.

அந்தக் கூட்டத்துக்கு என்று சில வழக்கங்கள் உண்டு. கேட் தாண்டினால் மோட்டார் வண்டி கூடாது என்பது வனத்துறைச் சட்டம்; மீதியெல்லாம் இவர்களாகவே வைத்துக்கொண்டது. மீரான் தன் கடையில் மிஞ்சிய வெட்டுத்துணியைக் கொண்டுவந்து எல்லோருடைய சைக்கிள் மணிக்கும் சுற்றிக் கட்டுவார், கல்லில் ஏறி இறங்கும்போது அது தானாகக் கிணுங்காமல் இருக்க. வெள்ளைச் சட்டை கூடாது. கூட்டுக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது, நின்றாலும் கொஞ்ச நேரத்தில் நகர்ந்துவிட வேண்டும். இதையெல்லாம் டெய்சி அவருக்குச் சொன்னபோது, ஏன் நிற்கக் கூடாது, மறைக்க என்ன இருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. தன் மணியில் கட்டியது காக்கித்துணி, குழலியின் மணியில் கட்டியிருந்தது பச்சைப் பட்டு என்பதையும் அவர் மறக்கவில்லை.

"அது என்ன பாய், அவளுக்கு மட்டும் பட்டு?"

"டெய்சி தங்கச்சி கல்யாணத்துக்குத் தைச்சதுல மிஞ்சுனது அண்ணாச்சி. எனக்கும் அதான் கட்டிருந்தேன், அந்துபோச்சு."

வழியெல்லாம் குக்குறுவான் கூப்பிட்டது, கரிச்சான் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் கூடவே வந்தது, மரங்கொத்தி தட்டியது, மற்றவர்கள் இறங்கி இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள், குற்றாலிங்கம் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். டெய்சி ஏன் பின்தங்குகிறாள், மீரான் ஏன் அந்த ஒற்றையடிப் பாதையைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார், இருவாச்சி என்று ஒருவர் சொன்னதும் இன்னொருவர் ஏன் சிரித்தார். காட்டில் அன்று எத்தனையோ பறவைகள் இருந்தன, அவர் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அவர் பார்த்த முதல் பறவை அந்த இருவாச்சி, அதையும் கைக்காகத்தான் பார்த்தார்.

பறவை போனதும் எழுந்து சைக்கிளை மரத்தில் சாய்த்து, கேரியர் மேல் ஏறி நின்று கூப்பிட்டார். "ஏட்டி. குழலி."

உள்ளே ஆள் இல்லாத அமைதி இல்லை அது. ஆள் இருந்தும் அசையாத அமைதி.

"யாரு ஒன்னை இதுக்குள்ள வச்சு அடைச்சது? பேரை மட்டும் சொல்லு."

கை வெளியே வரவில்லை.

ஊருக்குள் விஷயம் தெரிந்தபோது, எல்லோருக்கும் முதலில் நிம்மதிதான் வந்தது, நல்ல வேளை கிணற்றில் இல்லை என்று. போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டுக்கொண்டு, ஆள் உசுரோட இருக்காக, விலாசமும் இருக்கு, இனிமே எப்படிக் காணாமப் போனவகன்னு வச்சிருக்க முடியும் என்று சொல்லி அதோடு முடித்துவிட்டார். தபால்காரர் குங்கிலிய மரத்து விலாசத்துக்கு அவளுடைய அக்கா போட்ட பொங்கல் வாழ்த்தைத் தாமதமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார், கை வாங்கிக்கொண்டது. ரேஷன் கடைக்காரர் ரேகை வைக்கிற மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்க் கேரியர் மேல் ஏறி நீட்டினார், கட்டைவிரல் வந்து அழுத்தியது, மெஷின் ஒத்துக்கொண்டது. அரசாங்கத்துக்கு வேண்டியது கைதான், மீதி ஆள் எங்கே இருந்தால் என்ன என்று அவர் டீக்கடையில் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. டெய்சி வாராவாரம் மாத்திரை கொடுத்து, அப்படியே நாடியும் பிடித்துப் பார்த்தாள். வளையல்காரம்மா போய்ச் சிவப்பு வளையல் அடுக்கிவிட்டு வந்து, கை மெலிஞ்சிருக்கு, ஆனா சூடு நல்லா இருக்கு என்றாள்.

இத்தனைக்கும் எல்லோரும் சைக்கிளில்தான் போக வேண்டியிருந்தது. பரணில் கிடந்த சைக்கிள்கள் கீழே இறங்கின, பஞ்சாயத்துத் தலைவர் மறந்துபோன சைக்கிளை மறுபடி கற்றுக்கொள்ளும்போது விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார், மீரான் கடையில் வெட்டுத்துணி மிஞ்சவே இல்லை. உச்சிப்பொழுதில், இருவாச்சி இரை தேடிப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் போய், காரியத்தை முடித்துக்கொண்டு, மணி கிணுங்காமல் திரும்பிவிடுவார்கள். எப்படி உள்ளே போனாள் என்று கேட்டவர் யாருமில்லை. ஏன் போனாள் என்றுதான் கேட்டார்கள், கேட்டுவிட்டுக் குற்றாலிங்கத்தின் வீட்டுப் பக்கம் பார்த்தார்கள்.

இருவாச்சியைப் பற்றி ஊரில் நல்ல அபிப்பிராயம். ஒரு நாளும் சும்மா வந்ததில்லையாமே, எத்தனை பழம் கொண்டாந்தாலும் தனக்கு ஒண்ணுகூட வச்சுக்காதாமே என்று பெண்கள் குழாயடியில் பேசினார்கள். பங்குனி பிறந்ததும் அவர்களில் சிலர் சாலையோரத்து மரங்களில் பொந்து கண்டால் நின்று உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள், அதைக் கவனித்த ஆண்கள் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது ஒரு முழம் பூவோ ஒரு சீப்புப் பழமோ இல்லாமல் வருவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். எந்த வீட்டிலும் யாரும் யாரையும் எங்கே போனாய் என்று உரக்கக் கேட்கவில்லை. ஆனாலும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் ஏறிய குற்றாலிங்கத்தைப் பயணிகள் பார்த்த பார்வையும் மாறிப்போனது. இவர் தங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் இவர் முகத்தைப் பார்த்தார்கள். இவன்தான் பெண்டாட்டியை மரத்துக்குள் வைத்து மண் பூசியவனாக இருக்கும் என்று அவர்கள் நினைப்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது, நாலு பேர் அப்படி நினைத்தால் தன் கையும் நடுங்கும் என்பதை அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

அவர் யார் மேல் பழி போடுவது என்று தேடி, மீரானை விட்டு, டெய்சியை விட்டு, கடைசியில் இருவாச்சியிடம் வந்து சேர்ந்தார். சந்தேகப்பட மனிதர்கள் தீர்ந்துபோனால் பறவைதானே மிச்சம். அது ஏன் தினமும் பழம் கொண்டுவருகிறது, யாராவது காரணமில்லாமல் கொடுப்பார்களா, இங்கே இருந்து போனதும் அது எங்கே போகிறது. சித்திரையில் லீவு போட்டுவிட்டு, சாப்பாட்டுத் தூக்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, விடிந்ததும் குங்கிலிய மரத்தடிக்குப் போய் இருட்டும் வரை இருந்தார்.

இருவாச்சி வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. தூரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆலமரத்தில், மஞ்சள் அலகைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு அது உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார், சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லிலும் வேரிலும் குதித்துக் குதித்து அங்கே போனார், அது பறந்து இன்னொரு மரத்துக்குப் போனது. அவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். செக்கிங் வருகிறதைக் கண்டதும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கிறவன் டிக்கெட் எடுக்காதவன்தான், இத்தனை வருஷத்தில் அது ஒருநாளும் தப்பிப்போனதில்லை.

திரும்பி வந்து கேரியர் மேல் ஏறிக் கீறலுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார். "ஒன் ஆளு அங்க ஆலமரத்துல சொகமா உக்காந்துருக்கான். நீ இங்க கையை நீட்டிக்கிட்டுக் கெட."

கை உண்மையிலேயே நீண்டுதான் இருந்தது. காலையில் ஒரு தரம் வெளியே வந்து விரித்துக் காத்திருக்கும், வெயில் ஏறும் வரை அப்படியே இருந்துவிட்டு மடங்கி உள்ளே போகும். சாயங்காலம் மறுபடி வரும். நாளாக ஆக அது வரும்போது வளையல்கள் முழங்கைவரை சரிந்து விழுந்தன. அவருக்கு அவள் மேல் பிரியம் இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய்; அவருக்கு இருந்த பிரியமெல்லாம் கண்ணுக்குப் போய்விட்டது, கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அன்று அவர் ஆற்றோரத்து அத்தியில் நல்ல பழமாகப் பார்த்து, எறும்பைத் தட்டிவிட்டு, வேட்டியில் துடைத்துக் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தார்.

கை ஒரு தடவை தூக்கி எடை பார்த்தது. விரல்கள் மூடப் போயின.

"யாருகிட்டச் சொல்லிட்டு இங்க வந்த?" என்றார் குற்றாலிங்கம். கேட்க வேண்டுமென்று கேட்கவில்லை. மற்றவர்களுக்கு இருமல் வருவதுபோல அவருக்கு அது வந்துவிடும்.

விரல்கள் நின்றன. கை மெதுவாகக் கவிழ்ந்தது, பழம் கீழே விழுந்து வேருக்கிடையில் உருண்டது, கை உள்ளே போனது.

அவள் தானாக அப்படிச் செய்ய மாட்டாள், உள்ளே யாரோ பிடித்து இழுக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து உளியும் சுத்தியலும் கொண்டுவந்து, கேரியர் மேல் ஏறி, கீறலின் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினார். மண்பூச்சு கல்லாக இறுகியிருந்தது. வெகுநேரம் தட்டிய பிறகு வெற்றிலை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து அவர் கையில் விழுந்தது.

பழக்கம் விடாது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். காட்டுச் சிவப்பு மண்தான், வேறு மண் கலக்கவில்லை. திருப்பினார். உள்பக்கத்தில் அடுப்புக்கு மண் பூசுகிறவர்களின் விரல் இழுக்கிற கோடு வரிவரியாக, பிசகில்லாமல் போயிருந்தது, ஒவ்வொரு சமையலறையிலும் அவர் பார்த்து, ஒருநாளும் உற்றுப் பார்க்காத கோடு. மண் உதிராமல் இருக்க வைக்கோலுக்குப் பதில் சின்னச் சின்னக் காகிதம் கிழித்துப் பிசைந்திருந்தது. அவர் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். எல்லாம் பஸ் டிக்கெட். அவர் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த டிக்கெட்டுகள். டப்பாவோடு கொண்டுவந்திருக்கிறாள்.

அவர் ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார். இருட்டு. இருட்டில் ஒரு கண் அவரைப் பார்த்தது. பயந்த கண் இல்லை, கோபமும் இல்லை. செக்கிங் முடிந்து பஸ் எப்போது கிளம்பும் என்று காத்திருக்கிற பயணியின் கண். அவள் மடியில், இறகு சரியாக முளைக்காத இருவாச்சிக் குஞ்சு ஒன்று அலகைத் திறந்து, சத்தம் வராமல், திறந்தபடியே வைத்திருந்தது. இது யாருடையது என்ற கேள்வி தொண்டைவரை வந்தது.

அதற்குள் கண் விலகியது. விரல்கள் வந்தன, ஈர மண்ணோடு. அவர் முகத்துக்கு எதிரிலேயே, அவர் மூச்சு படுகிற தூரத்தில், அந்த விரல்கள் ஓட்டையின் ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே பூசிக்கொண்டு வந்தன, அவசரமில்லாமல், நடுவில் விட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசியில் சுண்டுவிரல் புகும் துளை மட்டும் மிச்சமிருந்தபோது ஒரு நிமிஷம் நின்று, அதையும் அடைத்தன, பழைய கீறல் மட்டும் முன்போல இருந்தது.

கீழே இலை சரசரத்தது. மீரானும் டெய்சியும் துணி சுற்றிய சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. உளியைப் பார்த்தார்கள், சில்லைப் பார்த்தார்கள்.

"அவளேதான் அடைச்சிருக்கா," என்றார் குற்றாலிங்கம், இறங்காமல்.

"இருவாச்சியில அப்படித்தானே அண்ணாச்சி," என்றாள் டெய்சி. "பொம்பளப் பறவைதான் உள்ள இருந்து பூசிக்கிடும். ஆம்பள மண்ணு கொண்டாந்து குடுத்தா உண்டு. குஞ்சு பெருசாகுற வரைக்கும் அதுவா உடைச்சிட்டு வராது. நாங்க இதைப் பேசாத நாளு உண்டா? ஒங்க முன்னாலதான பேசுனோம்."

"நான் கவனிக்கலை."

"எப்படிக் கவனிப்பிய?" என்றார் மீரான். அவருடைய குரலில் இதுவரை இல்லாத ஒரு சூடு இருந்தது. "நீங்க பறவை பாக்கவா வந்தீய? எங்களையில்லா பாக்க வந்தீய. ரெண்டு கண்ணாடி மாட்டிக்கிட்டு. நீங்க வந்த அன்னைக்கே நெனச்சேன், சொல்லணும்னு. பெண்டாட்டியத் தொலைச்ச மனுசன்னு வாயை மூடிக்கிட்டேன்."

குற்றாலிங்கம் கையிலிருந்த சில்லை ஒரு தரம் திருப்பினார். "அந்தப் பறவை ஏன் வரமாட்டேங்கு?" என்று கேட்டார்.

"கூட்டுக்கிட்ட ஆளு நின்னா வராது. நீங்க எப்பப் போவீங்கன்னு தூரத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கும். மொத நாளே சொன்னேனே," என்றாள் டெய்சி.

"நான் போயிட்டா வருமா?"

"வரும்."

"வந்துச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டெய்சி மீரானைப் பார்த்தாள். மீரான் கீழே கிடந்த அத்திப்பழத்தைப் பார்த்தார். "தெரியாது அண்ணாச்சி," என்றார்.

பார்த்தால்தான் நம்புவேன் என்று வாழ்ந்தவரிடம் பார்க்காமல் போ என்றால் அவர் எங்கே போவார். இருந்தும், அவர் அங்கே நிற்கிற ஒவ்வொரு பொழுதும் அந்தப் பொந்துக்குள் ஒரு வேளைச் சாப்பாடு குறைகிறது. இதுவரை மற்றவர்கள் செய்த குற்றத்தையே தேடித் திரிந்தவருக்குத் தன் குற்றம் கண்ணுக்கு எதிரே நிற்பது பிடிபட அவ்வளவு நேரம் ஆயிற்று. பிடிபட்டதும் அழுகை வந்தது, கேரியர் மேல் நின்றபடியே அழுதார், மீரான் சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொண்டார். பிறகு இறங்கி, உளியையும் சுத்தியலையும் தூக்குச்சட்டியில் போட்டு, சைக்கிளைத் திருப்பினார். மிதிக்கும் முன் ஹேண்டில்பாரின் இரண்டு கண்ணாடியையும் பிடித்துத் தரையைப் பார்க்கத் திருகிவிட்டார். ஆற்றைத் தாண்டும்போது தலைக்கு மேலே இறக்கை இரைகிற சத்தம் கேட்டது, அவர் வந்த திசைக்குப் போனது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. கண்ணாடியில் சரளைக்கல்லும் டயரும்தான் தெரிந்தன. அதையே பார்த்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் காட்டுப் பக்கம் போகவில்லை. போகாமல் இருப்பதுதான் கஷ்டம் என்பது போகிறவர்களுக்குத் தெரியாது. உச்சிப்பொழுதில் சைக்கிளில் திரும்புகிறவர்களைத் தெருமுனையில் கண்டால் வீட்டுக்குள் போய்விடுவார், கேட்டுவிடக் கூடாது என்று. அவள் சாப்பிட்டாளா, கை தேறியிருக்கிறதா, குஞ்சு அலகை மூடியதா. டெய்சியாகவே ஒரு நாள் வாசலில் சைக்கிளை நிறுத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, வேண்டாம் தாயி என்று கையெடுத்துக் கும்பிட்டார். ராத்திரி படுத்தால் சந்தேகம் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும், நீ வந்துவிட்டாய், பறவை வந்ததா என்று கேட்கும், தெரியாது என்பார், மறுபடி கேட்கும், மறுபடி தெரியாது என்பார், விடிந்துவிடும்.

ஆனியில் மலையிலிருந்து சாரல் இறங்கியது. ஒரு காலையில் மீரான் நனைந்துகொண்டே வந்து, பொந்தின் மண்பூச்சு உடைந்துகிடக்கிறது, உள்ளிருந்து உடைத்திருக்கிறது, குஞ்சு பறந்துபோனதை ஊரில் பாதிப்பேர் பார்த்தார்கள், பொந்து காலி, ஆளைக் காணவில்லை என்று சொன்னார். ஊரே சைக்கிளில் கேட்டுக்குப் போய்க் காத்திருந்தது. குற்றாலிங்கம் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனார்.

சாரலில் ஜன்னல் திரை இறக்கிய பஸ் ஒன்றை ஆற்றுப்பாலத்தில் மறித்து ஏறினார். முன்னாலிருந்து ஒவ்வொரு இருக்கையாக வந்தார். கடைசிக்கு முந்தைய இருக்கையில், ஈரச் சேலையும் தலைமுடியில் மரத்தூளுமாக, வெயில் படாத வெள்ளை முகத்தோடு குழலி உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் கறை படிந்த ஓர் இறகு இருந்தது. அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு, இத்தனை வருஷப் பழக்கத்தில், கையை நீட்டினாள்.

கையில் டிக்கெட் இல்லை. ஓர் அத்திப்பழம் இருந்தது.

குற்றாலிங்கம் அதை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை லேசாகத் தூக்கிப் பார்த்தார். எங்கிருந்து வருகிறாய், எங்கே இறங்கப் போகிறாய், வீட்டுக்கா வேறெங்காவதா, இது யார் கொடுத்த பழம், எல்லாக் கேள்வியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வாய்வரை வந்து நின்றன. அவர் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.

படியில் நின்ற கண்டக்டர் பதறிப்போனான். இந்த மனுஷர் ஓர் ஆளைத் தாண்டிப் போய் அவன் பார்த்ததே இல்லை.

"அண்ணாச்சி, அந்த அம்மாட்ட டிக்கெட் பாக்கலையே?"

"பாத்தாச்சு," என்றார் குற்றாலிங்கம், மென்றுகொண்டே, விசிலை ஊதச் சொல்லிக் கையைக் காட்டினார்.